காலையில் ஏழை, மத்தியானம் லட்சாதிபதி

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். கேமரா பிடிக்கும் விஜி. ஜாபர். ஜாபரின் மனைவி நஸீமா. கொட்டகைக்குச் சொந்தக்காரர் வெள்ளையன். எங்களை மலைக்கு ஏற்றி வந்த வாடகைக் கார் டிரைவர். டிரைவர் பாதி நேரம் வண்டியிலேயே தூங்கினார், ஆனாலும் அவரையும் சேர்த்துத்தான் ஆறு. ஏழாவது ஆள் கிடையாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே எடுத்த வீடியோவைப் பிற்பாடு எட்டு லட்சம் தடவை பார்த்தார்கள். அது பொய் என்று தெரிந்தவர்கள் நாங்கள் ஆறு பேர்தான். ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். யார் யாருக்காக மூடிக்கொண்டு இருந்தோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆன்லைனில் தன்னம்பிக்கை பேச வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் குரூப்பில் என்னையும் ஏதாவது எழுதச் சொன்னீர்கள். லைட்டை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் வீடியோ போடுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் திறக்காமல் விட்டேன் என்பது மட்டும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பயத்தில் காய்ச்சல் வந்து படுத்தேன். காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது, பள்ளிக்கூடத்துக்குத்தான் நான் மறுபடி போகவில்லை. அப்புறம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் பக்கமெல்லாம் ஜவுளிக் கடைத் தள்ளுபடி, புதுப் படம், செருப்புக் கடைத் திறப்பு விழா என்று அறிவிப்புச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குரல் நன்றாக இருக்கும். ஆனால் பயந்த ஆள். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். காஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து தியாகதுருகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறேன். மூடித்தான் இருந்தது.

அப்படிப்பட்டவன் செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பேசிய முதல் வீடியோ, பயப்படாதே என்பதுதான். எனக்கு நானே சொல்லிக்கொண்டதை ஊர் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. ஒரு வருஷத்தில் என்னை நிறையப் பேர் 'சார்' என்றார்கள். சார் என்று கூப்பிடும்போதெல்லாம் எட்டாம் வகுப்பு வாத்தியார் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

பிறகு சேலத்தில் ஒரு பெரிய பேச்சாளரிடம் பணம் கட்டிப் பயிற்சிக்குப் போனேன். அவர் பெயர் வேண்டாம். முதல் நாளே என்னை எழுப்பி நிற்க வைத்துச் சொன்னார்: "நீ பேசறத எவ்ளோ நாளைக்குக் கேப்பாங்க? ஜெயிச்ச ஆள் ஒருத்தன பக்கத்துல நிக்க வை. அவன் பேசட்டும். நீ சிரி, போதும்."

ஜெயித்த ஆளுக்கு எங்கே போவது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. யாராவது புதிதாகத் தொழில் ஆரம்பித்தால், ஆரம்பித்த உடனே போய் 'முன்' எடுக்க வேண்டும். பழைய சட்டை, வாடிய முகம். அதே நாளில் சட்டையை மாற்றி 'பின்'னையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு தடவை கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் செலவு மிச்சம். பின்னைப் பூட்டி வைத்துக்கொள். அவன் நிஜமாகவே ஜெயித்த அன்றைக்கு வெளியே விடு. ஜெயிக்கவில்லை என்றால் அழித்துவிடு. யாருக்கு என்ன நஷ்டம்?

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இன்றைக்கு உங்களில் பல பேர் இதைத்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். பூட்டுக்குச் சாவி நம் கையில்தான் இருக்கிறது என்பதை மட்டும் நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஜாபர் என்னைத் தேடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்து, தொப்பியைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் பதினோரு வருஷமாகப் புடவைப் பிரிவில் நிற்கிறவன். அந்தக் கடைக்கு நான் எத்தனையோ தடவை மைக்கில் கத்தியிருக்கிறேன்.

"அண்ணே, உங்க வீடியோ பாத்துட்டு வேலய வுட்டுட்டேண்ணே" என்றான். கல்யாணச் சேதி சொல்கிற மாதிரி சொன்னான்.

"எப்ப?" என்றேன்.

"இன்னிக்கு காலைல. கல்வராயன் மலைத் தேனு, சாமை, தினையெல்லாம் வாங்கி பாட்டில் போட்டு ஆன்லைன்ல விக்கப் போறேன். நீங்கதான சொன்னீங்க, அடுத்தவன் கடைக்கி ஷட்டர் தூக்கினது போதும்னு."

சொன்னேன்தான். எழுதி வைத்துச் சொன்ன வரி அது. எழுதும்போது என் மனசில் இருந்த ஆளுக்கு முகம் கிடையாது, வாடகை வீடு கிடையாது, மனைவி கிடையாது. இவனுக்கு மூன்றும் இருந்தது. 'ஓடுடா, இப்பவே போய் முதலாளி காலில் விழு' என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஆனால் அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதோடு, நான் அப்படிச் சொன்னால் என் வீடியோவெல்லாம் என்ன ஆவது?

"சூப்பர் தம்பி" என்றேன். ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டேன்.

உங்கள் பேச்சைக் கேட்டு வேலையை விட்டவன் இனிப்போடு வாசலில் நின்றால், தயவு செய்து அதை வாங்காதீர்கள். எனக்கு அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. அந்த மைசூர்பாகை எடுக்காமல் இருந்திருந்தால் போதும்.

தொழில் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது நாள், வடக்கனந்தல் வழியாக மலை ஏறி, வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் அந்தக் கொட்டகைக்குப் போனோம். வெள்ளையன் மலைக்காரர். அவரும் அவருடைய சொந்தக்காரர்களும்தான் ஜாபருக்குச் சரக்கு கொடுப்பவர்கள். காலையில் முன் எடுத்தோம். ஜாபர் கழுத்துக் காலர் நைந்த சட்டையில் உட்கார்ந்து, கடையில் நின்று நின்று கால் வீங்கிய கதையைச் சொன்னான். அது உண்மை. அதனால் நன்றாக வந்தது. "அடிமை வேலைன்னு சொல்லு" என்றேன். தயங்கினான். "முதலாளி நல்ல மனுசன்ணே." "யாரையும் பேர் சொல்லலியே, சும்மா சொல்லு" என்றேன். சொன்னான்.

மத்தியானம் பின். என்னுடைய வெள்ளைச் சட்டை, என்னுடைய வாட்ச். வாடகைக் கார் அவனுடைய கார் ஆனது. காலி அட்டைப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். முன் வரிசைப் பெட்டியில் மட்டும் பாட்டில்.

"மாசம் ஒன்றரை லட்சம் சம்பாதிக்கிறேன்னு சொல்லணும்" என்றேன்.

"அண்ணே, இதுவரைக்கும் பதினஞ்சு பாட்டில்தான் வித்துருக்கேன். அதுலயும் நாலு மச்சான் வாங்கினது."

"ஆறு மாசத்துல வந்துரும்டா. அப்ப எதுக்கு மறுபடியும் மலை ஏறிக்கினு? இப்பவே எடுத்து வெச்சிக்கலாம்."

வெள்ளையன் ஓரமாகக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாபா இது, காலைல ஏழையா இருந்த, சோறு துன்னுட்டு வர்றதுக்குள்ள லட்சாதிபதியா ஆயிட்ட? எங்களுக்கும் அந்தச் சட்டய ஒருவாட்டி குடு, போட்டுப் பாத்துட்டுத் தர்றோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். விஜி கேமரா ஆடுகிற அளவுக்குச் சிரித்தான். நஸீமா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, நெசமா மாசம் எவ்ளோ வரும்?" என்று கேட்டாள்.

"அது உழைப்பப் பொறுத்துமா."

"கடைல பதினாலாயிரம் வந்துச்சி. ஒன்னாந்தேதி வந்துரும்" என்றாள். படம் எடுத்து முடித்ததும் ஜாபரிடம், "சட்டையக் கழட்டிக் குடுத்துடுங்க. நம்முது இல்ல" என்றாள். நான்தான், "இருக்கட்டும்மா, சட்டையும் வாட்சும் தம்பியே வெச்சிக்கட்டும்" என்றேன். தர்மப் பிரபு.

பின்னைப் பூட்டித்தான் வைத்தேன். மூன்று வாரம் தாங்கினேன். 'முதலாளி ஆகலாம் வா' என்று ஒரு பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் பணம் கட்டவில்லை. வகுப்புக்காக வாங்கிய கேமராவுக்குத் தவணை நின்றது. என் பயம் உங்களுக்குத் தெரியாது. தவணைத் தேதி வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஜாபர் எப்படியும் ஜெயிப்பான், இன்றைக்குப் போட்டால் என்ன, ஆறு மாசம் கழித்துப் போட்டால் என்ன என்று எனக்கு நானே ஒரு வீடியோ பேசிக்கொண்டு, முன்னையும் பின்னையும் சேர்த்து வெளியே விட்டேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டு லட்சம் பார்வை. வகுப்பு நிறைந்தது. ஜாபருக்கு ஆர்டரும் கொஞ்சம் வந்தது, பத்து நாளைக்கு. அப்புறம் நின்றது.

ஆனால் மலையில் அந்த வீடியோ நிற்கவில்லை. வெள்ளையனின் பங்காளிகள் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சரக்கைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒன்றரை லட்சம் சம்பாதிக்கிறவனிடம் உடனே காசு எதற்கு, மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். ஜாபருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வீடியோ பொய் என்று ஆகும், நான் மாட்டிக்கொள்வேன். அவன் வாடகை வீட்டில் கட்டில் போட இடமில்லாமல் சாமை மூட்டை நின்றது. தேனை யாரும் வாங்கவில்லை. நாலு மாதத்தில் கடன் கழுத்துக்கு வந்தது.

நஸீமாதான் அவனை அனுப்பினாள், பழைய கடைக்குப் போய்க் கேளுங்கள் என்று. கடை முதலாளியை ஊரில் ஹாஜியார் என்றுதான் சொல்வோம். ஜாபர் போய் நின்றதைப் பற்றி என்னிடம் சொன்னான்.

"இன்னாப்பா, லட்சாதிபதிக்குப் பதினாலாயிரம் சம்பளம் போட எங்கிட்ட கல்லாப்பெட்டி பத்தாதே" என்றாராம் ஹாஜியார். இவன் அழுதுவிட்டான். அழுது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவர் கேட்டுவிட்டு, "நான் உன்ன நம்புறேன். ஆனா கடைல இருக்கிற இருவது பேரும் அந்த வீடியோவ பாத்துருக்காங்க. எங்கடை வேலய அடிமை வேலன்னு சொன்னவன நான் மறுபடி சேத்தா, நாளைக்கு எவன் எனக்கு மதிப்புக் குடுப்பான்? அது பொய், நான்தான் சொல்ல வெச்சேன்னு அந்தாளு வாயாலயே சொல்லிடட்டும். ரம்ஜான் சீசன் வருது, ஆள் எடுக்கணும். திங்கக்கெழமை வரைக்கும் உன் எடத்த வெச்சிக்கினு இருக்கேன்" என்றிருக்கிறார்.

ஜாபர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். ஒரு நிமிஷ வீடியோ. திங்கட்கிழமைக்குள்.

அவன் கேட்டது புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பெரிய கூட்டம். அடுத்த வகுப்புக்கு ஆள் சேர்க்கும் கூட்டம். மண்டப வாசலில் வைத்த பேனரில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜாபர் சிரிக்கிறான். சிறப்பு விருந்தினர்.

"ஞாயித்துக்கெழமை கூட்டம் முடியட்டும்பா. அன்னிக்கு சாயங்காலமே போட்டுர்றேன். நீ வந்து ரெண்டு வார்த்த மட்டும் பேசிட்டுப் போ" என்றேன்.

"அண்ணே, போட்டுருவீங்க இல்ல?"

"என்னப்பா, என் மேல நம்பிக்கை இல்லியா?"

இந்தக் கேள்வியை என் தொழிலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு ஒருத்தரும் 'இல்லை' என்று சொன்னதில்லை. அதனால்தான் கேட்கிறோம்.

கூட்டத்தன்று ஜாபர் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். தோள் தொளதொளவென்று இருந்தது, இளைத்திருந்தான். மேடைக்குக் கூப்பிட்டேன். கைதட்டினார்கள். மைக்கை நீட்டும்போதுதான் எனக்கு உறைத்தது: இவன் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டால்? ஹாஜியார் கேட்டது என் வாயால். ஆனால் இவனே சொன்னாலும் இந்த மண்டபம் முழுக்கச் சாட்சி. இவனுக்கு வேலை கிடைத்துவிடும். நான் தீர்ந்தேன். என் கையில் மைக் ஆடியது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் வந்த அதே நடுக்கம்.

அவன் மைக்கை வாங்கினான். என் கையைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். "அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஜாபர். பதினோரு வருசம் அடுத்தவன் கடைக்கி ஷட்டர் தூக்கினேன். இன்னிக்கு மாசம் ஒன்றரை லட்சம் சம்பாதிக்கிறேன்" என்றான். வீடியோவில் சொன்னது அப்படியே, ஒரு வார்த்தை மாறாமல்.

அந்த நேரம் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. இதை மறைக்காமல் எழுதுகிறேன். அன்றைக்குத் தொண்ணூறு பேர் பணம் கட்டினார்கள்.

சாயங்காலம் கேமரா முன்னால் உட்கார்ந்தேன். தொண்ணூறு பேரும் இன்றைக்குத்தான் கட்டியிருக்கிறார்கள், இன்றைக்கே போட்டால் திருப்பிக் கேட்பார்கள், ஒரு வாரம் போகட்டும் என்று எழுந்துவிட்டேன். ஹாஜியார் நல்ல மனிதர், ஒரு வாரம் பொறுக்க மாட்டாரா? திங்கட்கிழமை ஜாபர் ஏழு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கடையில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை நஸீமா வந்தாள். துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். அதன் மேல் வாட்சை வைத்தாள்.

"சரி பாத்துக்கோங்க. பட்டன் ஒன்னு வுழுந்துருந்துச்சி, தெச்சிட்டேன்" என்றாள்.

"உக்காரும்மா. ஜாபர் வரலியா?"

"அவரு வர மாட்டாரு. உங்க மேல கோவம்னு நெனச்சிக்காதீங்க. அவருக்குக் கோவமே வர மாட்டேங்குது, அதான் எனக்கு எரிச்சலா இருக்கு." காலிப் பையை மடித்தாள். "ஞாயித்துக்கெழமை உண்மைய சொல்லிர்றேன்னுதான் என்கிட்ட சொல்லிட்டு வூட்ட வுட்டு வந்தாரு. உங்க பேச்ச அவரும் முழுசா நம்பல. கெளம்பற வரைக்கும் இன்னா பேசணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. திரும்பி வந்ததும் கேட்டேன், ஏன் சொல்லலன்னு. இன்னா சொன்னாரு தெரியுமா?"

அவளே சொன்னாள்:

"'அண்ணன் கை நடுங்கிச்சு நஸீ. பாக்கப் பாவமா இருந்துச்சி'ன்னாரு."

பயப்படாதே, பயப்படாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் பயத்தைப் பார்த்து ஒருத்தன் பாவப்பட்டு, தன் வேலையை விட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டாம் தடவையும் என்னால்தான் அவன் வேலை போனது. முதல் தடவை என் பேச்சால், இரண்டாம் தடவை என் கையால்.

அவள் போன பிறகு அரை மணி நேரத்தில் வீடியோவைப் பேசிப் போட்டேன். நாலு நிமிஷம். ஒரே நாளில் சட்டையை மாற்றி எடுத்தது, என் வாட்ச், வாடகைக் கார், காலிப் பெட்டி, அடிமை வேலை என்று சொல்ல வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். கீழே வந்த முதல் பதில்: 'செம ஐடியா சார், இதுவும் விளம்பரம்தானே.' இரண்டாவது, சிரிக்கும் பொம்மை. மூன்றாவது, அடுத்த வகுப்பு எப்போது என்ற கேள்வி. பொய்யை எட்டு லட்சம் பேர் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார்கள். உண்மையை நம்ப வைக்க எனக்குப் பயிற்சி இல்லை.

வகுப்பில் சேர்ந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வடக்கனந்தலில் வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் இடத்தையும் கேமராவையும் விற்றுக் கொடுத்து முடித்தேன். சேனலை மூடினேன். சேலத்துப் பேச்சாளருக்குப் போன் செய்தேன். "அந்தப் 'பின்'ன எவன்டா உன்ன மூனு வாரத்துல வுடச் சொன்னான்?" என்றார். அவர் வகுப்பு இன்னும் நடக்கிறது. உங்களில் சிலர் அங்கிருந்துதான் வந்திருக்கிறீர்கள்.

ஹாஜியார் கடைக்கு நானே போனேன். "பாத்தேன். ரெண்டு நாள் முன்னால போட்டுருக்கலாம்" என்றார். புதிதாகச் சேர்த்த ஆளை நிறுத்தச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவனுக்கும் ஒன்றாம் தேதி ஒன்று இருக்கும். கிளம்பும்போது, "கொரல் நல்லாத்தான் இருக்கு. மைக்ல சொல்றதுக்கு ஆள் இல்ல, வர்றியா?" என்றார். இப்போது அந்தக் கடைக்குத்தான் ஆட்டோவில் அறிவிப்புச் சொல்கிறேன். எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்கிறேன். ஐம்பது சதவீதம் என்று எழுதியிருந்தால், கடைக்குள் போய் நிஜமாகவே ஐம்பதா என்று கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொடுவேன். கடைப் பையன்கள் சிரிக்கிறார்கள்.

ஜாபர் பெங்களூரில் ஒரு துணிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறான். மாதம் ஒருமுறை வருகிறான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என் ஆட்டோவைப் பார்த்து, கையைத் தூக்கினான். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டேதான். நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்ததால் பதிலுக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காரர்களுக்கு அவன் கொடுக்க வேண்டியது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் இருந்தது. மிஞ்சிய சரக்கை வந்த விலைக்கு விற்று நாற்பதாயிரம் கட்டினான். மிச்சத்தை நான் ஏற்றுக்கொண்டேன். பங்காளிகள் சார்பில் வெள்ளையன்தான் மாதம் ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போகிறார். சண்டை போடுவதில்லை. "அன்னிக்கு அந்தச் சட்டயப் பாத்து நானும்தான சிரிச்சேன். எங்க ஆளுங்க மூட்டையத் தூக்கிக்கினு எறங்கும்போது நானும் வாயத் தொறக்கல. உன்னிய மட்டும் இன்னான்னு திட்றது?" என்பார். பணத்தை எண்ணி இடுப்பில் சொருகிக்கொண்டு டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிடுவார்.

மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. பதினைந்து மாதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் தர வேண்டியது தொண்ணூற்று ஓராயிரத்து ஐந்நூறு ரூபாய்.